கசப்பு மேடு முதலில்

கொட்டையைக் கடித்துப் பார்த்து, துப்பிவிட்டுத்தான் கசில்தா அடுத்த ஓக் மரத்துக்குப் போவாள். "இது கசக்குது. இது தேவலை. இது விஷம்!" மழைக்குப் பிறகு எஸ்த்ரெமதூராவின் மேய்ச்சல் காட்டில் கொட்டை உதிரத் தொடங்கிவிட்டால் அவள் வீட்டில் அடுப்பே எரியாது என்று ஊரில் கேலி பேசுவார்கள். பேசிவிட்டுப் போகட்டும்.

அவளுடைய கறுப்புப் பன்றிகள் குளிர்காலம் முழுக்க இந்தக் கொட்டையிலேயே கொழுக்க வேண்டும். தானியம் காட்டினால் கொட்டை தின்று வளர்ந்த தொடைக்கறி என்ற பேர் போச்சு, வருஷ உழைப்பும் போச்சு. பன்றிக்கோ நாக்கு நீளம். இனிப்பு மரத்தை ருசித்துவிட்டால் கசப்பைத் திரும்பிப் பார்க்காது. இனிப்பு மரங்களோ கொஞ்சம்தான். அதனால் கசப்பு மேடு முதலில், ஓடையோர இனிப்பு மரங்கள் கடைசியில்.

வடக்கிலிருந்து வரும் பெருங்கொக்குகள் கொட்டை தின்ன ஓடையோரம் இறங்கினால் வாய் ஓயாமல் திட்டுவாள், கல்லெடுக்க மாட்டாள். காட்டுக்காக்கை கொட்டையைப் புதைத்து மறந்துபோக, முளைத்து வந்த கன்றுகளுக்கு முள்வேலி கட்டுவதும் அவள்தான். "நமக்குக் கூலியில்லாம நட்டுத் தருது, திங்கட்டுமே!"

டிசம்பரில் அவளுக்குக் காய்ச்சல். தம்பி நிகாசியோ பன்றிகளை ஓட்டிப் போனான். மேட்டில் குளிர்கிறதென்று ஓடையோர வேலியைத் திறந்துவிட்டான்.

"வயிறு முட்டத் தின்னுச்சுங்க அக்கா! நீ ஏன்தான் அங்க விடறதில்லையோ!" பெருமை வேறு.

"அடப்பாவி! குடியைக் கெடுத்தியேடா!" கசில்தா போர்வையை உதறி எழுந்தாள்.

மறுநாள் மேட்டில் பன்றிகள் கொட்டையை மோந்துவிட்டு ஓடைப் பக்கம் திரும்பி நின்றன. வாரம் முழுக்க அதே கதை. விலா தெரிய ஆரம்பித்தது.

"கொஞ்சம் சோளம் வெச்சிரலாமா அக்கா? யாருக்குத் தெரியப் போகுது?"

"வாங்கறவன் கொழுப்பைத் தொட்டாலே தெரிஞ்சுடும். வாயை மூடு."

மடி நிறைய இனிப்புக் கொட்டை பொறுக்கி வந்து கசப்பு மரத்தடியில் கலந்து தூவினாள். கூட்டம் கிட்டே வந்தது. முன்னால் நின்றது சீமாட்டி என்ற மூத்த பன்றி. அது தின்றால்தான் மற்றவை தின்னும். சீமாட்டி இனிப்பை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு மீதியை மூக்கால் தள்ளியது.

கசில்தா கழியைக் கீழே போட்டாள். சேற்றில் மண்டியிட்டு, 'விஷம்' என்று தானே பேர் வைத்த மரத்தின் கொட்டையை உரித்து வாயில் போட்டு, சீமாட்டியின் முகத்துக்கு நேரே "ஆகா!" என்று சப்புக்கொட்டினாள். சீமாட்டி அவள் வாயை மோந்து பார்த்தது. கசில்தா முகம் சுளிக்காமல் விழுங்கிவிட்டு, இன்னொன்றை உரித்து, பாதியைக் கடித்து, மீதியை நீட்டினாள்.