பட்டுப் பெட்டியில் வந்த ஷாம்பெயின்

அரியலூர் பக்கத்துச் சிமெண்ட் ஆலை ஒன்றின் கெஸ்ட் ஹவுஸில் பதினோரு வருடம் சமையல்காரராக இருந்தவர் தனவேல். எதை வாயில் வைத்தாலும் குறையைச் சரியாகச் சொல்லிவிடுவார் என்று பெயர். 2003-இல் புதுச் சூளை தொடங்கிய அன்று, மேனேஜர் பிரான்சிலிருந்து வரவழைத்த விலையுயர்ந்த ஷாம்பெயினைத் திறந்தார். ராஜாக்கள் குடித்தது என்று அதன் பட்டுப் பெட்டியில் அச்சடித்திருந்ததை விருந்தாளிகளுக்கு வாசித்துக் காட்டினார். பிறகு தனவேலிடமும் அரை கிளாஸ் நீட்டினார்.

"நீ சொல்லுய்யா, எப்படி இருக்கு?"

தனவேல் ஒரு மிடறு குடித்தார். "புளிச்சுப் போச்சுங்க சார். எங்கயோ வெயில்ல கெடந்திருக்கு. போன வருசம் வந்த சாதா பாட்டிலே தேவலைங்க."

விருந்தாளிகள் சிரித்துவிட்டார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. மறுவாரமே தனவேலுக்கு வேலை போயிற்று.

"நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன?" என்று அழுதாள் மனைவி கமலவேணி.

"கேட்டாரேன்னு சொன்னேன்," என்றார்.

மேனேஜருக்குப் பயந்து அரியலூரில் யாரும் அவரைச் சேர்க்கவில்லை. செந்துறை பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் எச்சில் இலை எடுக்கும் வேலைதான் கிடைத்தது. அங்கே முதலாளி சாம்பாரை ருசி பார்க்கச் சொன்னால், கரண்டியைத் தொடாமலேயே "நல்லாருக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த இலையை எடுக்கப் போவார்.