ரொட்டி என்று சொன்னவன்

பேத்தி ஆங்கிலத் தேர்வுக்காக ஒரு பத்தியை உரக்க வாசித்துப் பழகிக்கொண்டிருந்தாள். ‘பெயின்’ என்ற சொல் வந்ததும் என் வலது கை கூசியது.

காரைக்காலில் நான் படித்த வகுப்பில், தவறாகப் பதில் சொன்னவனைச் சரியாகச் சொன்னவன் அறைய வேண்டும். வாத்தியார் வைத்த வழக்கம் அது. அன்றும் ஆங்கிலப் பாடத்தில், ஒரு கிழவனைப் பற்றி இதே சொல் வந்த பத்தியை வாசித்துவிட்டு, “கிழவனுக்கு என்ன இருந்துச்சு?” என்று கேட்டார்.

“ரொட்டிங்க சார்” என்றான் செல்வம். அவன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பிரெஞ்சில் அதே எழுத்துகளுக்கு ரொட்டி என்றுதான் பொருள்.

“வலி சார்” என்றேன் நான்.

“ரொட்டிக்கு ஜாம் தடவுடா!” என்று பின்பெஞ்சில் ஒருவன் கத்தினான்.

அறைந்தேன். வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. மறுபடி மறுபடி அறைந்தேன். “போதும்டா, விடு!” என்று வாத்தியார் எழுந்து வந்தபோது, செல்வத்தின் இடது காதிலிருந்து ரத்தம் காலரில் இறங்கியிருந்தது. இடைவேளையில் தன் ரொட்டியைப் பிய்த்து எனக்குப் பாதி கொடுப்பவன் அவன்.

யாரும் என்னைத் தண்டிக்கவில்லை. என் பதில் சரியாக இருந்ததே.

இன்றும் கடைத்தெருவில் பார்த்தால், செல்வம் வலது காதை என் பக்கம் திருப்பி, “சத்தமா சொல்லுடா” என்பான். சொல்ல வேண்டியதை நான் இன்னும் சத்தமாகச் சொல்லவில்லை.