அண்ணி போட்ட உடைசல் கணக்கு

நான் முதன்முதலாக வீட்டைவிட்டுக் கிளம்பியது ஒரு திங்கட்கிழமை காலை. என் பேருந்து ஊரைத் தாண்டுவதற்குள் குளியலறைக் குழாய் பிடுங்கிக்கொண்டு கூடம் வரைக்கும் வெள்ளம். அம்மா போனில் நலம்கூட விசாரிக்கவில்லை. "நீ காலை வெளியில வச்ச, இங்க குழாய் வாயைப் பொளந்துடுச்சு" என்றாள்.

அதற்குப் பிறகு நான்கு வருடம் சுற்றினேன். படகுத்துறை விடுதியில் பாத்திரம் கழுவினேன், பழத்தோட்டத்தில் கூடை சுமந்தேன். நடுநடுவே வீட்டுக்கு வந்து கொஞ்ச காலம் தங்குவேன். நான் இல்லாதபோது ஜன்னல் கண்ணாடி விரிந்தது, ஃப்ரிட்ஜ் செத்தது, அண்ணன் சைக்கிளிலிருந்து விழுந்தான். ஒருமுறை அம்மாவே மாடிப்படியில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். இந்த வீட்டிலிருந்து பெண் கிளம்பினால் ஏதாவது உடையும் என்பது அம்மாவின் தீர்ப்பு.

"காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதைம்மா" என்பான் அண்ணன்.

"காக்கா உட்காரும்போதெல்லாம் விழுந்தா? அப்பவும் பழத்து மேலதான் தப்பாடா?"

எல்லோரும் சிரித்துவிட்டுப் போவோம். அதை உண்மையான கேள்வியாக எடுத்துக்கொண்டது என் அண்ணி மட்டும்தான்.

அண்ணிக்கு ரொட்டித் தொழிற்சாலையில் எடை மேசையில் வேலை. வரிசையில் வரும் பாக்கெட்டுகளில் ஒன்றை எடுத்துத் தராசில் வைப்பாள், எண்ணைப் பார்ப்பாள், திருப்பி அனுப்புவாள். பள்ளியைப் பாதியில் விட்டவள். முப்பத்தாறு வயதில் மாலைப் பள்ளியில் சேர்ந்து, தன்னைவிட இளைய டீச்சரிடம் புள்ளியியல் படித்தாள். காரணம் இருந்தது. வேறு ஊரில் இருக்கும் பெரிய ஆலையில் தரப் பரிசோதனைக்குப் பயிற்சி. ஆறு மாதம் அங்கேயே தங்க வேண்டும். பள்ளித் தேர்வில் தேறினால் அந்த இடம் அவளுக்கு. வருகிறாளா இல்லையா என்று மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும்.

நான் "இனி எங்கேயும் போக மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டு திரும்பி வந்திருந்த சமயம் அது. சமையலறை மேசையில் அண்ணி வரைபடத் தாளை விரித்துக் காட்டினாள். பாக்கெட் எடைகளை வரைந்திருந்தாள். நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் சரியும் குன்று.

"இயல்நிலைப் பரவலாம். பத்து வருஷமா இந்தக் குன்று மேலதான் உட்கார்ந்திருக்கேன், ஒருத்தரும் சொல்லல."

"ஒட்டுறவுன்னு ஏதோ சொன்னீங்களே, அது என்ன?"

"ரெண்டு விஷயம் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். அதுக்காக ஒண்ணுதான் இன்னொண்ணுக்குக் காரணம்னு சொல்லிடக் கூடாது. ஒட்டிக்கிட்டு வர்றவனெல்லாம் உதவிக்கு வர்றதில்ல. உங்க அண்ணன் கடைக்குக் கூட வர்ற மாதிரி."

பள்ளிக்கு ஒரு செய்முறைக் கணக்கு கொடுக்க வேண்டும். அண்ணி எடுத்துக்கொண்டது என்னை. "நாடோடி, உன்னைத்தான் சோதிக்கப் போறேன்."

விளையாட்டு மாதிரிதான் சொன்னாள். ஆனால் ஏன் என்று நான் கேட்டதும் குரல் இறங்கியது. "நான் போய், அத்தை மறுபடி படியில விழுந்தா? எனக்கும் பாதி நம்பிக்கைதான்."

இந்த நான்கு வருடத்தில் என்னென்ன உடைந்தது என்று அம்மாவைக் கேட்டால் நான் இல்லாத நாட்களின் உடைசல்கள் மட்டும் வந்தன. அண்ணி விடவில்லை. "ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்னா எங்க டீச்சர் ஒத்துக்க மாட்டாங்க அத்தை. பானையைக் கிண்டிட்டு எடுத்தியான்னு கேப்பாங்க. இவ வீட்டுல இருந்தப்ப எதுவுமே உடையலையா?" யோசித்ததில், மின்விசிறி கழன்று விழுந்தது உட்பட மூன்று கிடைத்தன. மொத்தம் பதினாறு. நான் இல்லாதபோது பதிமூன்று.

"முதல்ல, உன் பயணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு வச்சுக்கணும். அதுக்குப் பேர் இன்மைக் கருதுகோள். அப்படி இருந்தும் தற்செயலாவே பதினாறுல பதிமூணோ அதுக்கு மேலயோ நீ இல்லாதப்ப உடைய வாய்ப்பு எவ்வளவு? நூத்துக்கு அஞ்சுக்குக் கீழ வந்தா, சம்பந்தமில்லைங்கிறதைத் தூக்கிப் போட்டுடலாம்."

காசு சுண்டுவது போல எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு உடைசலும் நான் இருக்கும்போது பாதி, இல்லாதபோது பாதி. கணக்குப் போட்டாள். விடை நூற்றுக்கு ஒன்று.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "அத்தை சொன்னது சரிதான்" என்றாள். இரண்டு நாள் பயிற்சியைப் பற்றிப் பேச்சே இல்லை. நானும் என் பையைக் கொஞ்சம் பயத்தோடுதான் பார்த்தேன்.

மூன்றாம் நாள் வேலையிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எங்க ஆலையில ரெண்டு வரிசை. ஒண்ணு மூணு ஷிப்டு ஓடுது, இன்னொண்ணு ஒரே ஷிப்டு. எதுல பாக்கெட் அதிகம் கிழியும்?"

"மூணு ஷிப்டு ஓடுறதுல."

"அதுக்காக அந்த மெஷினைத் திட்டுவாங்களா? நீ பாதி நாள் மட்டுமா ஊர்ல இல்ல? நாலுல மூணு பங்கு நாள் இல்லடி!"

சேர்ந்து எண்ணிப் பார்த்தோம். உண்மைதான். யார் மீதும் குற்றமில்லாமலே பதினாறில் பன்னிரண்டு நான் இல்லாதபோதுதான் உடைந்திருக்க வேண்டும். பதிமூன்று என்பது ஒன்றுதான் கூட. புது விடை நூற்றுக்கு நாற்பது.

அண்ணன் கைதட்டினான். அம்மா காய்கறிக் கத்தியைக் கீழே வைத்தாள். "அப்போ சம்பந்தமில்லைன்னு ஆயிடுச்சா?"

ஆமாம் என்று அண்ணி சொல்லியிருக்கலாம். கடைசித் தேதிக்கு இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. நான் அவள் காலை மேசைக்கு அடியில் மிதித்தும் பார்த்தேன்.

"இல்ல அத்தை. சம்பந்தம் இருக்குன்னு சொல்ல ஆதாரம் பத்தலை. அவ்வளவுதான் சொல்ல முடியும்."

"இல்லைன்னும் சொல்ல முடியாது?"

"முடியாது."

அம்மா கத்தியை எடுத்தாள், மறுபடி வைத்தாள். பழைய மணிக்கட்டைத் தடவிக்கொண்டு அந்தக் குன்றுப் படத்தையே பார்த்தாள். என்ன புரிந்ததோ.

"இதுவரைக்கும் இவ ஒருத்தி போனதைத்தானே எண்ணியிருக்கீங்க. வேற ஒருத்தி போனா என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்? நீ போய்ப் பாரு. எனக்கும் தெரிஞ்சுக்கணும்."

அண்ணி தேறினாள், போனாள். வழியனுப்பிவிட்டு வந்த அன்று அம்மா வீட்டைச் சுற்றிச் சுற்றிக் குழாய்களைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. என் காலில் இருக்கும் சக்கரமும் சும்மா இருக்கவில்லை. அடுத்த மாதமே நானும் கிளம்பிவிட்டேன்.

சில மாதம் கழித்து, படகுக்கு வரிசையில் நிற்கும்போது அம்மாவிடமிருந்து செய்தி வந்தது:

"வாஷிங் மெஷின் புகைஞ்சு நின்னு போச்சு. நீயும் இல்லை, அவளும் இல்லை. யார் பேர்ல எழுதுறதுன்னு தெரியலை. பயிற்சி முடியுற வரைக்கும் அவகிட்ட சொல்லாதே, பாதியில ஓடி வந்துடுவா."