டபுள் டேஷ் சாரின் அடுத்த ரெனீவல்

ஏகாம்பரம் சார் போய்விட்டார். காலையில் பால் வாங்கப் போனவர், கடை வாசலிலேயே உட்கார்ந்தாராம்... அவ்வளவுதான்.

ஆரணியில் தொண்ணூறுகளில் டியூஷன் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரியாது. 'டபுள் டேஷ்' என்றால்தான் தெரியும்.

இரண்டாம் டெரிவேட்டிவுக்கு y மேல் இரண்டு கோடு போடுவாரே... பசங்க வைத்த பெயர். பரப்பியது நான்.

பட்டு நூல் கடை மாடியில் டியூஷன் சென்டர். அவர் கணக்கு, நான் கெமிஸ்ட்ரி, நடுவில் ஒரு கீற்றுத் தடுப்பு.

என் பசங்க என்னைப் பார்த்துக்கொண்டே அவர் பாடத்தைக் கேட்பார்கள். சில நாள் நானும்தான்.

x² + y² = 25. y-யைத் தனியே பிரிக்காமல், இரண்டு தடவை டிஃபரன்ஷியேட் பண்ண வேண்டும்.

முதல் தடவை dy/dx = -x/y. அது எல்லாருக்கும் வரும். இரண்டாம் தடவை, விடைக்குள்ளேயே அந்த dy/dx திரும்ப வந்து நிற்கும். பசங்க அதை அப்படியே விட்டுவிட்டு அடிக்கோடு போட்டுவிடுவார்கள்.

உடனே தடுப்புக்கு அந்தப் பக்கம் குரல்...

"இன்னாடா, அதுக்குள்ள கோடு போட்ட? உள்ள dy/dx குந்திகினு கீது பாரு. அத்த உங்க மாமனா வந்து எழுப்புவான்?"

அந்த இடத்தில் -x/y-யைப் போட்டால் மேலே x² + y² வரும். அதுதான் 25 என்று கேள்வியிலேயே இருக்கிறதே! விடை -25/y³.

அந்த நிமிஷம் அவர் முகத்தைப் பார்ப்பதற்காகவே தடுப்பில் ஓட்டை போட்டு வைத்திருந்தேன்.

அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார் வேலை.

சேத்துப்பட்டு பக்கம் கூலிக்குப் போன குடும்பத்தில் முதல் எம்.எஸ்சி. எம்ப்ளாய்மென்ட் ஆபீஸில் பதிந்துவிட்டு சீனியாரிட்டிக்குக் காத்திருந்தார். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை ரெனீவல். தவறினால் வரிசையில் கடைசி.

தீபாவளியை மறப்பார், ரெனீவலை மறக்க மாட்டார்.

"இன்னா சார், ஆர்டர் வந்துச்சா?" என்று டீக்கடையில் வம்பிழுப்பேன்.

"வர்ற லிஸ்ட்ல வந்துடும் சார். நீங்க பஜ்ஜி சொல்லுங்க."

இரண்டாயிரத்துக்குப் பிறகு, சீனியாரிட்டி போதாது, பரீட்சை எழுது என்றார்கள். தன்னிடம் படித்த பையனுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார்.

அதே மாதிரி கணக்கு வந்ததாம். இரண்டு பேருமே சரியாகப் போட்டார்களாம்.

வேலை பையனுக்குக் கிடைத்தது.

பால்கோவாவோடு மாடிக்கு வந்தான். "எல்லாம் நீங்க சொல்லிக்குடுத்ததுதான் சார்" என்று காலில் விழுந்தான். சார் அவனைத் தட்டிக்கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சாப்டுங்க சார். அடுத்தது நம்மளுதுதான்."

அதற்கப்புறமும் ரெனீவல் போட்டுக்கொண்டே இருந்தார். "இன்னும் எதுக்கு சார்?" என்றால், "பழகிப்போச்சு, வுடுங்க" என்பார்.

இன்று வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அண்ணா, அடுத்த மாசம் ரெனீவல்னு சொல்லிகினே இருந்தாரு. ஆபீஸ்ல போயி சொல்லணுமா... வுட்டா அதுவே போயிடுமா?"

"அதுவே போயிடும்மா" என்றேன்.

வெளியே வந்து நேராக அந்த டீக்கடைக்குப் போனேன்.

போய் வாங்க டபுள் டேஷ் சார்... பஜ்ஜி சொல்லிட்டேன்.