ஆத்தா திறந்துவிட்ட தாடை

நிலக்கோட்டைப் பூச்சந்தையில் கூடை சுமந்தவன் நான். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. இன்று அதே சந்தையில் சொந்தமாக ஏலக்கடை, இரண்டு வேன், திண்டுக்கல் நாகல் நகரில் மாடி வீடு. மூன்று பெண்களையும் கட்டிக் கொடுத்துவிட்டேன். எவனும் கை கொடுக்கவில்லை. எல்லாம் இந்த வாயால் சம்பாதித்தது. நான் மல்லிகைக்கு விலை கூவினால் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும்.

போன கார்த்திகையில் அந்த வாய்தான் மாட்டிக்கொண்டது.

கொட்டாவி விட்டால் காதுக்கு முன்னால் 'டக்' என்று சத்தம். யாரோ கோழி எலும்பைக் கடிப்பது போல. எனக்கே குமட்டியது. காலையில் தாடை இறுகிக் கிடக்கும். தலையணையெல்லாம் எச்சில். காது வலி, நெற்றிப் பொட்டில் வலி. வாயைத் திறந்தால் தாடை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போகும். கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்த்துக் காறித் துப்பத் தோன்றியது. துப்பவும் முடியவில்லை, சட்டையில் வடிந்தது. சீ!

பல் கோளாறுதான் என்று நானே முடிவு கட்டினேன். பல் பிடுங்குகிற ஒருவனிடம் போய்க் கடைவாய்ப் பல்லைக் காட்டினேன். அவன் தயங்கினான். "பிடுங்குப்பா" என்று அதட்டினேன். தட்டில் விழுந்த பல்லில் சொத்தையே இல்லை. ரத்தத்தோடு வெள்ளையாகக் கிடந்தது. வலி அப்படியே இருந்தது. அந்தப் பல்லை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்காது.

கடைசியில் என் வீட்டுக்காரிதான் சொன்னாள். "ராவெல்லாம் பல்ல நறநறன்னு கடிக்கிறீக. எலி கொட்டாங்குச்சியக் கறண்டுற மாதிரி இருக்கு. பக்கத்துல படுக்க முடியல." அவளே திண்டுக்கல்லில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனாள்.

அந்தப் பெண் என் காதுக்கு முன்னால் விரல் வைத்து அழுத்தி, வாயைத் திறக்கச் சொன்னாள். ஒன்றரை விரல்தான் உள்ளே போனது. மூன்று விரல் போக வேண்டுமாம்.

"பல்லுல ஒண்ணுமில்லய்யா. தாடை மூட்டுலதான் கோளாறு. பாக்கு மெல்லாதீங்க, கத்தாதீங்க. கஞ்சியாக் குடிங்க. ராத்திரி பல்லு மேல இந்தத் தட்ட மாட்டிக்கங்க, கடிக்க விடாது."

"கத்தாம ஏலம் விடச் சொல்றியா தாயி? நல்லாச் சொன்ன போ!"

மாட்டுக்கு வாய்க்கூடை போடுவது மாதிரி எனக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டு! வழுவழுவென்று அதைத் தொடவே அருவருப்பு. அலமாரியில் எறிந்தேன். பாக்கையும் விடவில்லை.

மார்கழியில், ஏலத்தின் நடுவில் வாய் பாதியில் நின்றுவிட்டது. எதிர்க்கடைக்காரன் விடுவானா?

"என்னண்ணே, வாயில கொழுக்கட்டையா?"

சந்தையே சிரித்தது. வியாபாரிகள் அவன் பக்கம் நகர்ந்தார்கள். நேரே எங்கள் மாரியம்மன் கோயிலுக்குப் போய் விழுந்தேன். "ஆத்தா, எனக்கு இந்த வாயத் தவிர வேற முதல் இல்ல. திருப்பிக் குடு. வாய்க்கட்டு எடுக்குறேன்."

வாய்க்கட்டு எங்கள் ஊர் வழக்கம். மாசித் திருவிழாவில் காப்புக் கட்டியது முதல் அவிழ்க்கும் வரை வாயை மஞ்சள் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். பேச்சு கிடையாது, மெல்லக் கூடாது. துணியை விலக்கிக் கூழும் மோரும் மட்டும் குடிக்கலாம்.

கட்டினேன். கடையை மூடவில்லை. விரலைக் காட்டியே ஏலம் விட்டேன். எதிர்க்கடைக்காரன் ஆட்டம் போட்டான்.

"ஏலே, அண்ணன் ஊமையாயிட்டாரு! எங்க, ஒரு வெலையச் சொல்லுங்கண்ணே!"

அவன் பல்லும் இளிப்பும்! என் கை வாய்த்துணி முடிச்சுக்கே போய்விட்டது. ஆத்தாளை நினைத்தேன். கையை இறக்கிக்கொண்டேன்.

காப்பு அவிழ்த்த அன்று பூசாரி துணியை எடுத்தார். மெல்ல வாயைத் திறந்தேன். சத்தம் இல்லை. ஒரு விரல், இரண்டு விரல். மூன்றாவதும் போனது. "ஆத்தா" என்று கத்தி அழுதேன்.

வாயைக் காட்டப் போனபோது டாக்டரம்மா சிரித்தாள். "நான் சொன்னதத்தான ஆத்தா செய்ய வச்சிருக்கா!" இப்போது பாக்கு இல்லை. ஏலத்துக்கு மைக் வாங்கிவிட்டேன். அந்தத் தட்டையும் திட்டிக்கொண்டே மாட்டுகிறேன். காலையில் கொழகொழவென்று கழற்றும்போது இன்னும் குமட்டத்தான் செய்கிறது.

காதோரம் 'டக்' கேட்கிறவர்களே, நல்ல பல்லைப் பிடுங்காதீர்கள். ஆத்தா காலில் விழுங்கள். அவள் வழி காட்டுவாள், வைத்தியர் வாயாலும் காட்டுவாள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கோயிலில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் ஆத்தாளைச் சொல்கிறார்கள், டாக்டரம்மாவைச் சொல்கிறார்கள். சரி. சந்தை நடுவில் அந்த இளிப்பைத் தாங்கிக்கொண்டு நின்றவன் யார்? இனிமேல் என் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். திறந்தவள் ஆத்தா. மூடி வைத்திருந்தவன் நான்.