நோய் இருக்கட்டும் பிள்ளையாரே

வெள்ளிக்கிழமை பஜனைக்கு வருகிற அக்காமாரே, பிள்ளையார் எனக்குச் செய்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். இனிப்பாக இருக்காது. நான் பட்டதும் கசப்பு, அவர் தந்ததும் கசப்பு.

திருநெல்வேலியில் பிறந்து, மலையாளம் பேசும் இந்த ஊரில் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். ஐந்து வருடங்களுக்கு முன் ஓர் ஆடி மாதம் வலது கண் மங்கியது. சொட்டு மருந்து விட்டார்கள், தெளிந்தது. பிறகு வலது கை மரத்தது. கடையில் எவர்சில்வர் தூக்கை எடுத்தால் எப்போது நழுவும் என்று எனக்கே தெரியாது. தலையைக் குனிந்தால் முதுகு வழியாகக் கரண்ட் பாயும். சில வாரம் படுத்தும், பிறகு போய்விடும். அப்படிப் போய்விடுவதுதான் என் குடியைக் கெடுத்தது. நேற்று சுவரைப் பிடித்து நடந்தவள் இன்று மாடியில் துணி காயப்போட்டால் யார் நம்புவார்கள்?

"இவளுக்கு வேலை செய்ய மடி, வேற ஒரு கேடும் இல்ல" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார் மாமியார். மடி என்றால் இங்கே சோம்பல். வீட்டுக்காரர் அதைக் கேட்டுக்கொண்டே கடைக்குக் கிளம்பிப் போய்விடுவார். ஒரு டாக்டர் டென்ஷன் என்றார். இன்னொருவர் சத்து மாத்திரை கொடுத்தார். கடைசியில், நான் நடிக்கத்தான் செய்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பாவி, அதைவிடக் கொடுமை வேறு இல்லை.

ஒருநாள் பழவங்காடியில், பிள்ளையார் கோவில் முன்னால் ரோட்டைக் கடக்கும்போது கால் மடங்கி விழுந்தேன். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஸ்கேனில் மூளைக்குள் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. அது மட்டும் போதாது என்றார் அங்கிருந்த மலையாளி டாக்டரம்மா.

"உடம்பைக் காக்கிற படை சிலருக்கு சொந்த நரம்பையே தாக்கும் கேட்டோ. முதுகுத்தண்டு நீர் எடுத்துப் பார்க்கணும். அந்தப் படையோட புரதம் நீர்ல மாத்ரம் கோடு கோடா தெரிஞ்சு, ரத்தத்துல தெரியலேன்னா, ஸ்கேனும் சேர்த்து வச்சு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்னு உறப்பா சொல்லலாம்."

மாமியார் என் தலைமாட்டில் நின்றே மகனிடம் சொன்னார்: "ஏலே, இதுலயும் ஒண்ணும் இல்லைன்னா இவளை ஊர்ல கொண்டு விட்டுரு. பிள்ளை இங்க நிக்கட்டும்."

"சரிம்மா" என்றார் அவர்.

என் மகளுக்கு அப்போது நாலு வயது. அந்த 'சரிம்மா'வை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

முதுகில் ஊசி குத்தும்போது முழங்காலைக் கட்டிக்கொண்டு சுருண்டு படுத்திருந்தேன். நீங்கள் எல்லோரும் "ஒன்றும் இருக்கக் கூடாது" என்று எனக்காக வேண்டினீர்கள். நான் நேர் எதிராக வேண்டினேன். "பிள்ளையாரே, நோய் இருக்கட்டும். அந்தக் கோடு தெரியட்டும். என் பிள்ளையை என்னிடமிருந்து பிரிக்காதே. தெரிந்தால் உன் நடையில் தேங்காய் எறிகிறேன்." எந்தப் பொம்பளை தனக்கு நோய் கேட்டு நேர்ந்துகொள்வாள்? அந்த நிலைக்கு என்னைக் கொண்டுவந்தார்கள்.

சில நாள் கழித்து ரிசல்ட் வந்தது. அந்தக் கோட்டுக்கு ஆஸ்பத்திரிப் பேச்சில் 'பேண்ட்'. மலையாளம் பேசுகிறவர் வாயில் அது 'பாண்ட்' ஆகிவிடும். "பாண்ட் உண்டு" என்றார் டாக்டரம்மா. நான் கையெடுத்துக் கும்பிட்டு ஓவென்று அழுதேன்.

மாமியாரும் அலறினார். "ஐயோ, பாண்டா!" இந்த ஊரில் பாண்டு என்றால் தோலில் வெள்ளை படர்வது. ஸ்கேனில் வெள்ளைப் புள்ளி என்று முன்பே கேட்டிருந்தாரே, இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொண்டார். என் கழுத்தை விலக்கிப் பார்த்தார், கையைத் திருப்பிப் பார்த்தார். டாக்டரம்மா விளக்கி முடிப்பதற்குள் வராந்தாவில் நின்று சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டாகிவிட்டது. நான் வீடு திரும்பும்போது தெரு முழுக்க என் தோலைத்தான் பார்த்தது. இருந்த நோயை மூன்று வருடம் நம்பாதவர்கள், இல்லாத பாண்டை ஒரே மூச்சில் நம்பினார்கள். வயிறு எரிகிறது, இன்றைக்கும்.

வீட்டுக்காரர் மட்டும் டாக்டரம்மா சொன்னதை முழுக்கக் கேட்டார். அதற்குப் பிறகு ஊருக்கு அனுப்புகிற பேச்சு எழவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

நேர்ச்சை தீர்க்க அவரோடு பழவங்காடிக்குப் போனேன். "நான் எறியட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். தேங்காய் கையிலிருந்து நழுவி என் காலடியிலேயே விழுந்து விரிசல் விட்டது. அவர் என் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய் இன்னொரு தேங்காய் வாங்கி வந்து, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சேர்ந்து எறிந்தோம். சிதறியது.

நோய் போகவில்லை, ஊசி போட்டுக்கொண்டிருக்கிறேன். மகள் இப்போதும் என் பக்கத்தில்தான் தூங்குகிறாள். அதற்குப் பிள்ளையாருக்குக் கோடி நமஸ்காரம். உங்களில் யார் வலியையாவது வீடு நம்பவில்லையென்றால் நல்ல டாக்டரிடம் போங்கள், பிள்ளையாரிடமும் சொல்லுங்கள். எல்லோருக்கும் முன்னால் என்னை நம்பியவர் அவர்தான். கையில் பலம் இல்லாதவர்கள் மட்டும் இரண்டு தேங்காயாக வாங்கிக்கொள்ளுங்கள்.