நிறுத்தியவளின் மூன்று நிமிடம்

அக்காவுக்கு இணைய நிறுவனத்தில் பதினெட்டு வருஷ வேலை. ஊர் முழுக்க இணையம் கொடுக்கும் கருவிகள் அவள் பொறுப்பு. தங்கையோ உலக மாநாடுகளுக்குப் பறக்கிறவள். அரசாங்கம், கம்பெனி, பொறியாளர், பொதுமக்கள் என நாலு தரப்பும் சரிசமமாக உட்கார்ந்து, இணையத்தை எப்படி நடத்துவது என்று பேசும் கூட்டங்கள். கழுத்தில் அட்டையோடு தங்கை நிற்கும் படம் வரும்போதெல்லாம் அக்காவுக்கு வயிறு எரியும். "நல்லா இருக்குடி" என்று எழுதிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைப்பாள்.

ஒருநாள் கலவரம் என்று சொல்லி மேலிடத்திலிருந்து போன். "இணையத்த மொத்தமா நிறுத்துங்க." எழுத்தில் எதுவும் இல்லை, எத்தனை நாள் என்றும் இல்லை. அக்காதான் நிறுத்தினாள். ஒன்பது நாள். தன் மகளின் கல்லூரி விண்ணப்பத் தேதியும் அதில் போயிற்று.

அடுத்த மாத மாநாட்டில் அந்த ஒன்பது நாளைப் பற்றித் தங்கை பேசினாள். அரங்கமே எழுந்து கைதட்டியது. "உன் தங்கச்சி என்னமா பேசுறா!" என்றாள் சித்தி. பாடு எனக்கு, பேர் அவளுக்கா என்று அக்கா பொருமினாள்.

போனில் கேட்டேவிட்டாள். "கூடிக் கூடிப் பேசி என்னத்தடி கிழிச்சீங்க?"

"நீயே வந்து கேளேன். நாளைக்கும் கூட்டம் இருக்கு, வீட்டுலேர்ந்தே வீடியோவுல பேசலாம். மூணு நிமிஷம்."

கம்பெனி பெயர் வரக்கூடாது என்ற நிபந்தனையோடு மேலாளர் சம்மதித்தார்.

"நிறுத்தினது நான்தான்," என்று ஆரம்பித்தாள் அக்கா. "யார் சொன்னாங்கன்னு காட்ட என்கிட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட இல்ல. இனிமே எழுத்துல குடுங்க. எப்போ திரும்ப விடணும்னும் எழுதுங்க."

யாரும் கைதட்டவில்லை. அவள் நாட்டு அரசாங்கத்தின் சார்பில் வந்திருந்த அதிகாரி மட்டும் ஏதோ குறித்துக்கொண்டார்.

மறு வருஷம் மறுபடி உத்தரவு. இந்தத் தடவை காகிதத்தில்: காரணம், கையெழுத்து, இரண்டே நாள். அக்கா இரண்டு முறை படித்துவிட்டுத்தான் நிறுத்தினாள்.

"எழுத்துல குடுக்கணும்ங்கிற புது விதி அந்தக் கூட்டத்தாலதான் வந்துச்சு. பலிச்சுது பாத்தியா!" என்றாள் தங்கை.

"பாதிதான். நிறுத்தச் சொல்றது நின்னுச்சா?"

போன வருஷ மாநாட்டு அறிக்கையை அக்கா தேடிப் படித்தாள். தங்கை பெயர் நாலு இடத்தில். தன்னைப் பற்றி, 'ஒரு பணியாளர்'.

அன்று மத்தியானமே அடுத்த மாநாட்டு விண்ணப்பத்தைத் திறந்தாள். நாலு தரப்பில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். சம்பளம் கம்பெனியுடையது, உத்தரவு அரசாங்கத்துடையது, விண்ணப்பம் தவறிப்போன மகள் பொதுமக்களில் ஒருத்தி. கொஞ்சம் யோசித்து, 'பொறியாளர்' என்பதைத் தொட்டாள். இனிஷியலோடு தன் பெயரை முழுசாக அடித்து அனுப்பினாள். தங்கையிடம் மூச்சு விடவில்லை.